ஜீரோ வாட் நட்சத்திரம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. சாப்பிடும்போதுகூட பாதியில் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்துதான் அடுத்த கவளம் எடுப்பேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மாமியார் இதைக் கண்டுகொண்டார். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு வந்திருக்காடா" என்று மகனிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாகவே. அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில் என் மாமனார் கட்டியது. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் சத்தம் நாள் முழுக்க அங்கே கேட்கும். அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலை நிமிரும், எங்கே போகிறது என்று கேட்பேன்.

"அது மதுரைக்குப் போகுது. நீ உக்காந்து சாப்பிடு" என்பார் என் கணவர்.

அவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர். இரும்பை அளவு பிசகாமல் கடைந்து கொடுக்கிற இடம். காலையில் பம்மல் வழியாகப் போவார், சாயங்காலம் பம்மல் வழியாகவே வருவார். உலகத்தில் இருக்கிற பாதைகளில் அவருக்கு அது ஒன்று போதும். வீட்டுக்கு வந்ததும் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவார், இரண்டு தென்னை மரங்களையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார், டீ குடிப்பார். இப்படி ஒரு மனிதரோடு எனக்கு எப்படிப் பொருந்தியது என்று கேட்டால், சுற்றுகிற எதற்கும் நடுவில் அசையாமல் ஒன்று வேண்டும் என்று வகுப்பில் சொல்வது போல் சொல்லலாம். உண்மையில் பல நாள் பொருந்தவில்லை.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் அந்தப் பெயரோடு சரி. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சானடோரியம் தாண்டி இறங்கி, வகுப்பு முடித்து, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் என் சொந்த வேலை. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடியை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஒரு சிறு குழுவோடு ஒட்டிக்கொண்டேன். அவர்கள் சின்ன, குளிர்ந்த, சிவப்பு நட்சத்திரங்களைப் பார்த்து, அவற்றைச் சுற்றி நம் பூமி மாதிரி ஏதாவது ஓடுகிறதா என்று தேடுகிறவர்கள். தொலைநோக்கிகள் எங்கெங்கோ மலைமேல் இருக்கும். அவை அளந்து அனுப்பும் வெளிச்சக் கணக்கு என் மேசைக்கு வரும். ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் மங்கி மறுபடி பழையபடி ஆனால், குறுக்கே ஏதோ போயிருக்கிறது என்று பொருள். நான் மங்கலைத் தேடுகிறவள்.

ஏன் சின்ன நட்சத்திரம், பெரிதாக, சூரியன் மாதிரி ஒன்றைப் பார்க்கக் கூடாதா என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அதற்கு என் கணவர்தான் சரியான பதில் கண்டுபிடித்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள். டிசம்பர் பிறந்தால் வாசலில் காகித நட்சத்திரம் கட்டுவோம். எங்கள் தெருவில் மற்றவர்கள் எல்லாம் விட்டுவிட்டு மின்னுகிற, நிறம் மாறுகிற நட்சத்திரங்களுக்குப் போய்விட்டார்கள். என் மாமியார் மட்டும் கரண்ட் செலவாகக் கூடாது என்று, உள்ளே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்ட நட்சத்திரத்தையே விடாப்பிடியாக வைத்திருந்தார். மழைக்கால ஈசல் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கணவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிச் சொன்னார். "மைதானத்து ஃபோகஸ் லைட் முன்னால ஈசல் போனா உங்களுக்குத் தெரியுமா சார்? இந்த ஜீரோ வாட் முன்னால போனா தெரியும். அவ்ளோதான் இவ வேலை."

அவ்வளவேதான். இன்னொன்றும் உண்டு. அனல் குறைந்த நட்சத்திரம் என்பதால், வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிற்கும் தூரம் அதற்கு மிகப் பக்கத்திலேயே இருக்கும். பக்கத்தில் சுற்றும் கோளுக்கு ஒரு வருடம் என்பது நம் கணக்கில் இரண்டு வாரம், மூன்று வாரம். சூரியன் மாதிரி நட்சத்திரம் என்றால் ஒரு மங்கலைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். என்னால் குக்கர் மூன்றாவது விசிலுக்கே காத்திருக்க முடியாது. சின்ன நட்சத்திரம் அவசரக்காரிக்கென்றே படைக்கப்பட்டது. கோபமும் அவற்றுக்கு அதிகம். சும்மா இருக்கும்போதே திடீரென்று பொங்கித் தீயை உமிழும். என் கணவர் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"அங்க இருக்கிறவங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கிறிஸ்மஸ் வருமா?" என்று மாமியார் கேட்டார்.

"வரும் அத்தை."

"அப்போ அதிரசம் சுட்டே செத்துருவாளுங்க" என்றார். இரக்கமாகத்தான் சொன்னார்.

போன டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்ததும் கணவர் பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கி, வாசலில் ஸ்டூல் போட்டு ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கைப்பேசியில் மெயில் வந்தது. தென் வானத்தில் ஆழத்தில் இருக்கும் ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் புதிதாகச் சேர்ந்த தொலைநோக்கி ஒன்று பார்க்கத் தொடங்கியிருந்தது. அதன் முதல் அளவு வந்திருந்தது. அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோள் இருப்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் வெந்த பாறை. யாருக்கும் பிரயோஜனமில்லாதது. ஆனாலும் அது குறுக்கே போகும் நேரத்தைத் தொடர்ந்து குறித்துவைப்பது என் பொறுப்பு. நான் ஸ்டூலை விட்டுவிட்டு மெயிலைத் திறந்தேன். கணவர் மேலே தள்ளாடி, "ஏய், பிடி!" என்று கத்தினார். அதனால்தான் அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்து வந்த மாதங்களில் அந்த வெந்த பாறை ஒழுங்காக நேரத்துக்கு வரவில்லை. கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்குச் சில வாரம் ஓரிரு நிமிடம் முந்தியது. பிறகு இன்னும் முந்தியது. சில மாதம் போனதும் மெல்லப் பின்தங்கத் தொடங்கியது. புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் அலை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் இது சாதாரண விஷயமில்லை. சாயங்காலம் கணவர் வர நேரமாகிறதென்றால் பம்மலில் நெரிசல் என்று நான் வீட்டிலிருந்தே சொல்லிவிடுவேன். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அதே மாதிரிதான், ஒரு கோள் முந்திப் பிந்தி வருகிறதென்றால் கண்ணுக்குப் படாத இன்னொன்று அதைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழுப்பது பூமியளவு எடை. சுற்றுக்காலம் ஏறத்தாழ இரண்டு வாரம். தண்ணீர் தண்ணீராகவே நிற்கும் தூரம்.

அன்றைக்கு நான் மொட்டை மாடிக்குப் போய் கொடிக்கயிற்றுக்கு அடியில் முன்னும் பின்னும் நடந்தேன். மேலே விமானம் போனது. முதன்முறையாக, எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.

குழுவின் தலைவி, என்னைவிட வயதில் சிறியவர், காணொளியில் அலையை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, அந்த இரண்டாவது கோளை வைத்தே தம் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு ஆய்வாளர் இடம் கேட்கப்போவதாகவும், கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டால் அந்த இடம் எனக்குத்தான் என்றும் சொன்னார். மூன்று வருடம். பனி பெய்கிற ஒரு சின்ன ஊரில். ஜனவரியில் நேர்காணல் என்ற பெயரில் ஒரு சம்பிரதாயம் இருக்கும்.

எனக்கு நாற்பது வயது. இந்த வயதில் இப்படி ஒரு கதவு இன்னொரு முறை திறக்காது என்று எனக்குத் தெரியும். போயே தீரவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கணவரிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"குளிருமே?"

"குளிரும்."

"சரி, போலாம்" என்றார்.

அவர் 'சரி' என்று சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அறிய எந்தத் தொலைநோக்கியும் தேவையில்லை. அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னுடையது ஆய்வு மாணவியாக இருந்தபோதே எடுத்தது. அவரை எடுக்கச் சொன்னேன். சான்றிதழ் ஒவ்வொன்றிலும் இனிஷியல் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, சரிபண்ணிவிட்டு எடுக்கலாம் என்றார். சரிபண்ணிக் கொடுத்தேன். பட்டறையில் அவசர ஆர்டர் என்றார். அது முடிந்ததும், மழை விடட்டும் என்றார். பாஸ்போர்ட் எடுக்க மழை எதற்கு விட வேண்டும்? ஒவ்வொரு சாக்கையும் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டுக் கேட்டு அலுத்து, அக்டோபரோடு கேட்பதை விட்டுவிட்டேன். இவர் வரப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டேன். தனியாகவாவது போவேன் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பை நினைத்து ராத்திரியில் அழுததும் உண்டு.

மாமியார் இதற்குள் விஷயத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் சுகமில்லாதவர்கள், வேலை கிடைக்காதவர்கள், வரன் அமையாதவர்கள் என்று வரிசையாக விண்ணப்பம் சொல்லி ஜெபிப்பார்கள். அந்த வரிசையில் என் கோளும் சேர்ந்தது. "என் மருமக தேடுற பூமி கைகூடி வரணும் ஆண்டவரே" என்று மாமியார் கண்ணை மூடிக்கொண்டு உருகுவார். பக்கத்து அறையில் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், திருத்துவதும் நின்றுபோகும். நாங்கள் இருவரும் போய்விட்டால் அத்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகள் வீட்டைத் தவிர வேறு இடமில்லை. அது சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறது. அங்கே போய் இருக்க அவருக்குத் துளியும் விருப்பமில்லை. தெரிந்துதான் ஜெபித்தார்.

இந்த டிசம்பர் வந்தது. கட்டுரை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அனுப்புவதாக முடிவு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கணவர் பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கினார். ஒரு முனையில் காகிதம் கிழிந்திருந்தது. அத்தை கோந்து தடவி ஒட்டினார். கணவர் ஸ்டூலில் ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வருஷமாவது விடாம பிடி" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கைப்பேசி சிணுங்கியது. அதே தொலைநோக்கி. அந்த வெந்த பாறையின் புதிய நேரம். இந்தத் தடவை ஸ்டூலை விடாமல் ஒரு கையால் திறந்து பார்த்தேன். அலையின் படத்தில் புதுப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அது போன டிசம்பரின் முதல் புள்ளி இருந்த அதே உயரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

தலைக்கு மேலே அதே நட்சத்திரம், அதே ஆணியில். கீழே அதே ஸ்டூல், அதே கை. ஒரு வருடம் முடிந்துவிட்டது. அலையும் முடிந்துவிட்டது. சரியாக ஒரே வருடத்தில். எங்கோ இருக்கிற ஒரு சிவப்பு நட்சத்திரத்துக்கு எங்கள் வீட்டு டிசம்பரோடு என்ன சம்பந்தம்?

"என்னாச்சு? போன்ல என்ன?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"சீக்கிரம் இறங்குங்க" என்றேன்.

படிக்கிறவர்களுக்கு இது புரிய வேண்டும், அதனால் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது அல்லவா? அதனால் வருடத்தில் சில மாதம் அந்த நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் நெருங்கியிருப்போம். சில மாதம் விலகியிருப்போம். நெருங்கியிருக்கும்போது அதன் ஒளி சில நிமிடம் முந்தி வந்து சேரும், விலகும்போது சில நிமிடம் பிந்தும். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது அரிச்சுவடி. ஆகவே எந்த நேரத்தையும், பூமியிலிருந்து பார்க்காமல் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று மாற்றி எழுதிய பிறகே பயன்படுத்துவோம். புதிதாகச் சேர்ந்த அந்தத் தொலைநோக்கிக்காரர்கள் அதை நாங்கள் செய்துகொள்வோம் என்று விட்டிருந்தார்கள். நாங்கள் அவர்கள் செய்துதான் அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம். கல்யாண வீட்டுச் சாம்பாருக்கு ஆளாளுக்கு இன்னொருவர் உப்புப் போட்டிருப்பார் என்று நினைப்பது மாதிரி. அலை முழுதாக முடியாமல் பாதியில் இருந்தவரை யாருக்கும் ருசி தெரியவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் தெரிந்துவிட்டது.

மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு நேரத்தையும் மாற்றினேன். அலை படுத்துவிட்டது. நேர்கோடு. அந்த வெந்த பாறை ஒரு வருடமாக ஒரு நிமிடம்கூடத் தவறாமல் நேரத்துக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை யாரும் இழுக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முன்னும் பின்னும் அலைந்தது என் நாற்காலி, என் மேசை, ஊறுகாய் ஜாடி, அஸ்தினாபுரம். இன்னொரு பூமியைத் தேடிப்போய் இதே பூமியைக் கண்டுபிடித்திருந்தேன்.

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அந்த மத்தியானம் முழுக்கக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கட்டுரை நாளைக்குப் போகிறது. ஜனவரியில் நேர்காணல். அதற்குள் வேறு யாரும் கவனிக்கப்போவதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு, "அடடா" என்று நானே திருத்திக்கொள்ளலாம். பனிபெய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு திருத்தலாம். இதையெல்லாம் நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நினைத்தேன்.

என்னை நிறுத்தியது நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். திரும்பவும் மேசைக்கு வந்து பழைய அலையைப் பார்த்தேன். எத்தனை மாதம் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேன்! இப்போது அதில் கோள் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் நான்தான் தெரிந்தேன், உட்கார முடியாமல் அலைகிற நான். இல்லாத பூமியைக் காட்டி விசா வாங்கிக்கொண்டு போய், அங்கே எந்த முகத்தோடு இன்னொன்றைத் தேடுவது? மாலை நான்கு மணிக்குத் தலைவிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் மடிக்கணினியை மூடினேன். அன்றைக்குத்தான் நான் வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பதில் மறுநாள் வந்தது. நல்ல மனுஷி. யார்மீதும் குறை சொல்லவில்லை, நன்றி சொல்லியிருந்தார். ஆனால் அந்த இடம் இரண்டாவது கோளை நம்பிக் கேட்டது, கோள் இல்லையென்றால் இடமும் இல்லை என்று எழுதியிருந்தார். வேறு இடங்கள் திறக்கும், விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள் என்றும் எழுதியிருந்தார்.

கணவர் பட்டறையிலிருந்து வந்ததும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வெளிச்சத்தின் சின்ன மாற்றத்தைப் பார்த்தே கோளைச் சொல்கிறவளுக்கு, கூட வாழும் மனிதரின் முகம் புரியாதா? அது நிம்மதி என்று கண்டேன்.

"சந்தோஷம்தானே உங்களுக்கு? பாஸ்போர்ட் ஆபீசுக்கு அலையிற வேலை மிச்சம்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். போய் மோட்டார் போட்டார். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கும் அடுத்த பல நாட்களும் எங்கள் பேச்சு, உப்பு வேணுமா, சாவி எங்கே என்கிற அளவோடு நின்றது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் மாமியார் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு உதறல். வேண்டாம் என்று கெஞ்சினேன். "கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணுமில்ல?" என்று போய் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"என் மருமக ஒரு பூமியத் தேடினா. கடைசியில பாத்தா ஆடினது நம்ம பூமிதானாம். யாரும் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அவளே போய் உண்மைய சொல்லிட்டா. அதுக்காக ஸ்தோத்திரம் சொல்லுங்க."

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சற்றுப் பொறுத்து ஒரு அம்மா கவலையோடு கேட்டார்.

"பூமி ஆடுச்சா? எப்பக்கா? எங்க வீட்ல ஒண்ணும் தெரியலையே!"

கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு அத்தை அதிரசம் சுட்டார். நல்ல பதம். எனக்கு இறங்கவில்லை.

புது வருடம் பிறந்து, குழந்தை இயேசுவைத் தேடி ஞானிகள் வந்த திருநாளும் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நட்சத்திரத்தை இறக்குவோம். அன்றைக்குச் சாயங்காலம் கணவர் ஸ்டூலில் ஏறி ஆணியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு இன்னும் அவ்வளவாகத் திரும்பவில்லை. அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. காக்கிச் சட்டையில் ஒரு போலீஸ்காரர், கையில் காகிதங்கள். கணவரின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் ஏதாவது ஆகிவிட்டதா?

"நான்தான் சார்" என்றார் கணவர், மேலேயிருந்தபடியே.

"பாஸ்போர்ட் வெரிஃபிகேசன் சார். நவம்பர்ல அப்ளை பண்ணிகீறீங்களே. கிறிஸ்மஸ், நியூ இயர் பந்தோபஸ்துல லேட்டாயிடுச்சி. வூடு சொந்தமா?"

"சொந்தம்தான் சார்."

நவம்பரில். நான் கேட்பதை நிறுத்தி, இவர் வரப்போவதில்லை என்று தீர்மானித்து, தலையணையில் அழுத பிறகு வந்த நவம்பரில். என்னிடம் சொல்லாமல். நான் அண்ணாந்து அவரைப் பார்த்தேன். அவர் நட்சத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"கைக்கு வந்தப்புறம் காட்டலாம்னு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அன்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவர் முகத்தில் வந்து போனது நிம்மதி அல்ல, ஏமாற்றம். நட்சத்திரத்தைப் பார்த்தது மாதிரிதான் இந்த முகத்தையும் பார்த்திருக்கிறேன், நான் ஆடிய ஆட்டத்தைக் கழிக்காமலே. ஸ்டூலை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

போலீஸ்காரர் காகிதத்தில் எதையோ குறித்துவிட்டு, பேச்சு வாக்கில் கேட்டார்.

"இன்னா சார், எந்த ஊருக்குப் போறீங்கோ?"

இனி எந்த ஊரும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலேயிருந்து என் கணவர் சொன்னார்.

"அது இன்னும் தெரியல சார். இவ தேடிக்கிட்டிருக்கா."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கணவர் நட்சத்திரத்தை என்னிடம் நீட்டினார். அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, அவர் இறங்கும்வரை இன்னொரு கையால் ஸ்டூலைப் பிடித்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன்.